மருத்துவச்சியும் பாலைவனமும்: ஹிரோஷிமா, நாகசாகி பயணக் குறிப்புகள்

சனி, ஹிரோஷிமா

ஒசாகால இருந்து ஷின்கான்சென்ல ஒன்றரை மணி நேரம்தான், வாங்கிட்டு ஏறின பெண்டோ டப்பாவை சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள ஹிரோஷிமா வந்துடுச்சு. கூட அக்கா வந்திருக்காங்க, பெரியம்மா பொண்ணு, ஒசாகாலயே பல வருஷமா இருக்காங்க, ஜப்பானீஸ் சரளமா படிப்பாங்க, அவங்க இல்லன்னா கல்வெட்டு எதையும் என்னால படிச்சிருக்க முடியாது. திட்டம் இதுதான்: அணுகுண்டைப் பத்தி எழுதின ஜப்பானிய எழுத்தாளர்கள், அதுலயும் முக்கியமா பெண்கள், எந்த இடத்தைப் பத்தி எழுதினாங்களோ அங்கங்க போய் நின்னு அதைத் திரும்ப வாசிக்கணும். என்கிட்ட இருக்கிறது எல்லாம் இங்கிலீஷ் மொழிபெயர்ப்புதான்.

வாசிக்கிற கண்ணாடியையும் சொல்லிடறேன். 1974-ல ஃப்ரான்ஸ்வாஸ் டோபோன் பேரு வச்சு, 1993-ல வந்தனா சிவாவும் மரியா மீஸும் சேர்ந்து புத்தகமாவே எழுதின சூழலியப் பெண்ணியம். மண்ணை, ஆத்தை, காட்டை வெறும் சரக்கா பாக்கிற அதே பார்வைதான் பெண்ணோட உடம்பையும் சரக்கா பாக்குதுங்கறது அதோட அடிப்படை. அணுகுண்டை விட இதுக்குப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியல, ஏன்னா ஒரே வெடிப்புல நிலம், தண்ணி, கருப்பை மூணையும் தொட்ட ஆயுதம் அது.

ட்ரெயின்ல அக்கா கேட்டாங்க, "ஏண்டி, பொம்பளைங்க எழுதினா மட்டும் வேற மாதிரி இருக்குமா, ஆம்பளைங்களும்தானே செத்தாங்க?" நியாயமான கேள்வி. அதனாலதான் முதல்ல ஒரு ஆணோட நினைவுக்கல்லுக்கே போனோம். அணுகுண்டு டோம், அதாவது குண்டுல சிதைஞ்சு இன்னும் நிக்கிற கட்டிடம், அது பக்கத்துல இருக்கு எழுத்தாளர் ஹாரா தமிக்கியோட கல். 1947-ல வந்த அவரோட 'கோடை மலர்கள்' கதை குண்டுல ஆரம்பிக்காது, முந்தின வருஷம் இறந்துபோன மனைவியோட கல்லறைக்குப் பூ வாங்கப் போறதுல ஆரம்பிக்கும், பேரு தெரியாத மஞ்சள் பூ, காட்டுப் பூ மாதிரி இருக்கும்னு எழுதியிருப்பாரு. ஒரு பெண்ணோட சாவுக்கு அழறதுக்கு ஒருத்தருக்கு நேரம், பூ, தண்ணி எல்லாம் இருந்துச்சு, ரெண்டு நாள் கழிச்சு மொத்த ஊருக்கும் அது எதுவுமே இல்லாம போச்சு. அவரு 1951-ல டோக்கியோல ரயில் தண்டவாளத்துல படுத்து உயிரை விட்டுட்டாரு. ஆணா பெண்ணாங்கறது மட்டும் இங்க அளவுகோல் இல்லன்னு நான் அக்காகிட்ட சொன்னேன், யாரு பூவையும் மண்ணையும் கதையோட பின்னணியா விடாம கதைக்குள்ள கொண்டு வர்றாங்கங்கறதுதான் கேள்வி, அதைப் பெண்கள் ரொம்ப தூரம் கொண்டு போனாங்க, அவ்வளவுதான்.

சாயங்காலம் மோத்தோயாசு ஆத்தோரமா நடந்தோம். கடல் ஏத்த இறக்கத்தோட இங்க ஆறும் ஏறி இறங்குது, நாங்க போனப்ப தண்ணி வடிஞ்சு சேறு தெரிஞ்சுது. ஹிரோஷிமா ஒரு கழிமுக ஊரு, ஓட்டா ஆறு பல கிளையா பிரிஞ்சு கடலுக்குப் போற இடம். குண்டு விழுந்த அன்னைக்கு எரிஞ்சவங்க எல்லாம் ஓடினது இந்தத் தண்ணிக்குத்தான், ஏத்த இறக்கத்துல உடம்புங்க கடலுக்குப் போறதும் திரும்பி வர்றதுமா இருந்துச்சுன்னு பலரும் எழுதியிருக்காங்க. 1945 முடியறதுக்குள்ள ஹிரோஷிமால மட்டும் சுமார் 1,40,000 பேர் இறந்தாங்க.

ஞாயிறு, அமைதிப் பூங்கா

மியூசியம் பத்தி எழுதப்போறது இல்ல, எல்லாரும் எழுதிட்டாங்க. நான் பாக்க வந்தது ரெண்டு கல்.

ஒண்ணு பூங்காவுக்கு வெளிய, அமைதிப் பாலத்துக்குப் பக்கத்துல ஆத்தோரமா. நகராட்சி பெண்கள் உயர்நிலைப் பள்ளியோட நினைவுச்சின்னம். அந்தப் பள்ளிப் பிள்ளைங்க அன்னைக்கு க்ளாஸ்ல இல்ல, விமானத் தாக்குதல்ல தீ பரவாம இருக்க வீடுகளை இடிச்சு இடைவெளி உண்டாக்குற வேலைக்கு அரசாங்கம் அனுப்பியிருந்துச்சு, 12, 13 வயசுப் பொண்ணுங்க, ஓடு பொறுக்கிட்டு இருந்தவங்க. அந்த ஒரு பள்ளியில மட்டும் 600-க்கு மேல இறந்துட்டாங்க. 1948-ல வச்ச கல்லு இது, மூணு பொண்ணுங்க செதுக்கியிருக்கு, நடுவுல நிக்கிற பொண்ணு கையில ஒரு பெட்டி, பெட்டி மேல எழுதியிருக்கிறது ஐன்ஸ்டைனோட சமன்பாடு, ஈ ஈக்வல் டு எம்சி ஸ்கொயர். அமெரிக்க ஆக்கிரமிப்பு நடந்த காலம், அணுகுண்டுன்னு கல்லுல வெட்டிவைக்க முடியாத நிலைமை, அதனால சமன்பாட்டை செதுக்கி வச்சாங்க. பக்கத்துல போய் பாத்தா எழுத்து ரொம்ப ஆழமா கூட இல்ல. அந்தப் பொண்ணோட முகத்துல கோவமும் இல்ல அழுகையும் இல்ல, பெட்டியை யாருக்கோ கொடுக்கப் போற மாதிரி புடிச்சிருக்கா. நான் கொஞ்ச நேரம் அங்கயே நின்னுட்டேன். கணக்கு யாரோடது, அதைச் சுமக்கிறது யாருன்னு இதைவிடத் தெளிவா எந்தக் கட்டுரையும் எனக்கு சொன்னது இல்ல.

ரெண்டாவது கல்லு பூங்காவுக்குள்ள, 1971-ல வச்சது, டீச்சர் ஒருத்தங்க குழந்தையைத் தூக்கி வச்சிருக்கிற சிலை. அதுல இருக்கிறது ஷோடா ஷினோயேங்கற பெண் கவிஞரோட தன்கா, அஞ்சு வரி ஜப்பானியக் குறுங்கவிதை. பெரிய எலும்பு டீச்சரோடதா இருக்கும், பக்கத்துல சின்னச் சின்ன மண்டையோடு கூடிக்கிடக்குன்னு அர்த்தம் வரும், அவ்வளவுதான் கவிதை. 'சங்கே'ங்கற அவங்க தொகுப்பு 1947-ல ரகசியமா அச்சாச்சு, ஹிரோஷிமா ஜெயில்ல வேலை பாத்த ஒருத்தர் மிமியோகிராஃப்ங்கற கை அச்சுல போட்டுக் கொடுத்தாரு, புடிபட்டா மரண தண்டனைன்னு எல்லாரும் பயந்த காலத்துல அந்தப் பிரதிகளை அவங்க கையாலயே ஆளாளுக்குக் கொடுத்தாங்க. 1965-ல மார்பகப் புற்றுநோயில இறந்தாங்க.

இன்னொண்ணையும் கவனிச்சேன். பூங்கா முழுக்க அம்மா சிலை, குழந்தையைக் கட்டிப்புடிச்ச சிலை. ஒரு நாடே தன்னை அடிபட்ட தாயா காட்டிக்கிறப்ப அதுக்கு முன்னாடி அந்த நாடு என்ன செஞ்சுதுங்கறது மறைஞ்சுபோகும். இந்த ஊரு வெறும் ஊரு இல்ல, ராணுவ ஊரு, 1894-ல இருந்தே சீனாவுக்குப் படை கப்பல் ஏறினது இங்க இருக்கிற உஜினா துறைமுகத்துல இருந்துதான். கொரியர்களோட நினைவுச்சின்னம் 1970-ல கட்டினப்ப பூங்காவுக்கு வெளியதான் இடம் கிடைச்சுது, உள்ள வந்தது 1999-ல. கட்டாய உழைப்புக்குக் கொண்டு வந்து இங்க எரிஞ்சவங்களுக்கு செத்த பிறகும் வேலி. பெண்ணு, இயற்கை, அமைதின்னு மூணையும் ஒரே மாலையா கட்டிப் போடறது எனக்கு ஒத்து வரல, சூழலியப் பெண்ணியத்தோட பெரிய ஆபத்தே அதுதான்னு நினைக்கிறேன்.

திங்கள், செண்டா-மாச்சி

இன்னைக்குத்தான் நான் இந்தப் பயணத்துல ரொம்ப எதிர்பாத்த இடம். ட்ராம்ல போய் செஞ்சிலுவை ஆஸ்பத்திரி பக்கம் இறங்கி நடந்தோம். (ட்ராம் பத்தி ஒரு வார்த்தை: போர் காலத்துல ஆண்கள் எல்லாம் ராணுவத்துக்குப் போயிட்டதால ட்ராம் கம்பெனி 1943-ல ஒரு பெண்கள் பள்ளியே ஆரம்பிச்சு, படிக்கிற பொண்ணுங்களே ட்ராம் ஓட்டினாங்க. குண்டு விழுந்து மூணாவது நாளே ஒரு பகுதியில ட்ராம் திரும்ப ஓடிச்சு.)

தபால் சேமிப்பு அலுவலகம் இருந்த இடத்துல இப்போ ஒரு கவிதைக்கல் இருக்கு, குரிஹாரா சதாகோவோட கவிதை. 1945 ஆகஸ்ட் கடைசியில எழுதினது, 1946 மார்ச்ல அவங்களும் அவங்க கணவரும் நடத்தின பத்திரிகையோட முதல் இதழ்ல வந்துது. இடிஞ்ச கட்டிடத்தோட நிலவறை, மெழுகுவர்த்தி கூட இல்லாத ராத்திரி, ரத்த வாடை, பிண வாடை, அதுக்கு நடுவுல ஒரு பெண்ணுக்கு வலி எடுக்குது. தன் வலியை எல்லாம் மறந்து மத்தவங்க அவளைப் பத்திக் கவலைப்படறாங்க. அப்போ அதுவரைக்கும் முனகிட்டு இருந்த, பலமா காயப்பட்ட ஒரு அம்மா நான் மருத்துவச்சி, நான் பாத்துக்கறேங்கறாங்க. இருட்டுலயே குழந்தை பிறக்குது, விடியறதுக்கு முன்னாடி மருத்துவச்சி ரத்தத்தோட சாகறாங்க. உயிரைப் பிறக்க வைப்போம், நம்ம உயிரைக் கொடுத்தாவது பிறக்க வைப்போம்னு கவிதை முடியுது.

கல்லு முன்னாடி நின்னு அக்கா ஜப்பானீஸ்ல மெதுவா வாசிச்சாங்க, நடுவுல நிறுத்திட்டாங்க. அக்காவுக்கு ரெண்டு பிள்ளைங்க, ரெண்டும் இந்த நாட்டுலதான் பிறந்துது. "எனக்குப் பிரசவம் பாத்த அம்மா ஞாபகம் வருதுடி"ன்னு மட்டும் சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

இந்தக் கவிதையை நான் எப்பவும் ஒரு தந்தியோட சேத்துத்தான் படிப்பேன். 1945 ஜூலை 16, நியூ மெக்சிகோ பாலைவனத்துல டிரினிட்டிங்கற முதல் அணுகுண்டு சோதனை முடிஞ்ச உடனே, போட்ஸ்டாம் மாநாட்டுல இருந்த அமெரிக்கப் போர் அமைச்சர் ஸ்டிம்சனுக்கு வாஷிங்டன்ல இருந்து சங்கேதச் செய்தி போச்சு. டாக்டர் ரொம்ப உற்சாகமா திரும்பி வந்திருக்காரு, குட்டிப் பையன் அவன் அண்ணன் மாதிரியே திடமா இருக்கான், அவன் அலறல் என் பண்ணை வரைக்கும் கேட்டிருக்கும்ங்கற மாதிரி வாசகம். ஹிரோஷிமால போட்ட குண்டுக்குப் பேரு லிட்டில் பாய், அதைத் தூக்கிட்டு வந்த விமானத்துக்குப் பேரு எனோலா கே, அது விமானியோட அம்மா பேரு. 1952-ல ஹைட்ரஜன் குண்டு வெடிச்சப்ப அதை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான எட்வர்ட் டெல்லர் லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பின தந்தி: ஆண் குழந்தை. கேரல் கோன்னு ஒரு பெண்ணிய ஆய்வாளர் 1987-லயே இந்த மொழியைப் பத்தி விரிவா எழுதினாங்க. அழிவை உண்டாக்குனவங்க அதைப் பிரசவம்னு சொல்லிக்கிட்டாங்க, அதே நாட்கள்ல நிஜமான பிரசவம் ஒண்ணு ஒரு நிலவறையில தண்ணியும் வெளிச்சமும் இல்லாம நடந்துச்சு.

அதுக்கு இன்னொரு பக்கம் ஜப்பான். 1941 ஜனவரியில ஜப்பான் அரசாங்கம் மக்கள்தொகைக் கொள்கைன்னு ஒண்ணு கொண்டு வந்துது, 1960-க்குள்ள 10 கோடி பேர், ஒவ்வொரு தம்பதிக்கும் சராசரி 5 குழந்தை, பெத்துக்கோ பெருக்கிக்கோன்னு கோஷம். அது எல்லாம் சிப்பாய்க்காக. குரிஹாரா அந்தக் காலம் முழுக்க போரை எதிர்த்து ரகசியமா கவிதை எழுதி வச்சவங்க, எந்த அரசாங்கமும் வேண்டாம்ங்கற அனார்க்கிஸ்ட். அரசாங்கம் பெத்துப் போடுன்னு கத்தின அதே வினைச்சொல்லை அவங்க கைப்பத்தி யாரோட படைக்கும் சேராத ஒரு உயிருக்காகப் போடறாங்கன்னு நான் வாசிக்கிறேன்.

ஆனா ஒரு இடம் உறுத்துது. நிஜத்துல அந்த மருத்துவச்சி சாகல, பிழைச்சுட்டாங்க. குரிஹாரா கேள்விப்பட்டு எழுதினது, கவிதையில அவங்களை சாகடிச்சுட்டாங்க. தாய்மைக்காக உயிரைக் கொடுக்குற பெண்ணுங்கற படம் போர் கால ஜப்பானுக்கும் ரொம்பப் பிடிச்ச படம்தானே. உயிரோட வெளிய வந்து, காயம் ஆறி, திரும்ப வேலைக்குப் போற மருத்துவச்சியை அந்தக் கவிதை தாங்கியிருக்கும்னுதான் எனக்குத் தோணுது. இதை அக்காகிட்ட சொன்னப்ப, "நீ எல்லாத்துலயும் குறை கண்டுபிடிப்ப"ன்னாங்க. இல்லக்கா, இது என் மனசுக்கு ரொம்ப நெருக்கமான கவிதை, அதனாலதான்.

குரிஹாராவே பின்னாடி இன்னும் கறாரா மாறினாங்க. 1972-ல எழுதின கவிதை ஒண்ணு, ஹிரோஷிமான்னு சொன்னா உலகம் ஐயோ ஹிரோஷிமான்னு அன்பா பதில் சொல்லுமா, இல்ல, பேர்ல் ஹார்பர்ங்கும், நான்கிங்ங்கும், மணிலால பெண்களையும் குழந்தைகளையும் குழியில போட்டு எரிச்சதை சொல்லும்னு போகும். அந்த அன்பான பதில் வரணும்னா முதல்ல நம்ம அழுக்குக் கையைக் கழுவணும்னு தன் நாட்டைப் பாத்தே சொல்றாங்க. நேத்து பூங்காவுல எனக்கு வந்த சங்கடத்துக்கு இந்த ஊருக்காரங்களே அத்தனை வருஷம் முன்னாடி பதில் எழுதி வச்சிருக்காங்க.

செவ்வாய், ஹிஜியாமா

காலைல ஹிஜியாமா குன்று ஏறினோம், மரம் அடர்ந்த சின்ன குன்று. 1947-ல அமெரிக்கா ஆரம்பிச்ச ஏபிசிசிங்கற அணுகுண்டு பாதிப்பு ஆய்வுக் குழு பிற்பாடு இந்தக் குன்று மேலதான் கட்டிடம் கட்டிச்சு, அரைவட்டக் கூரை போட்ட நீளக் கட்டிடங்க. பரிசோதிப்பாங்க, சிகிச்சை கொடுக்க மாட்டாங்க, அதுதான் அவங்க கொள்கை, பிழைச்சவங்களோட பெரிய கோவமே அதுதான்.

மருத்துவச்சி இங்கயும் வர்றாங்க. 1948-ல மரபணு ஆய்வு ஆரம்பிச்சப்ப, அஞ்சு மாசம் ஆன கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் ரேஷன் தர்ற பதிவு முறையை ஏபிசிசி பயன்படுத்திக்கிச்சு. ரேஷனுக்குப் பேரு கொடுக்க வர்ற பெண்ணு ஆய்வுக்கும் பேரு கொடுக்கணும். குழந்தை பிறந்த உடனே தகவல் சொல்ல மருத்துவச்சிங்களுக்குப் பணம் கொடுத்தாங்க. 1954 வரைக்கும் 70,000-க்கு மேல பிரசவங்களைப் பதிவு பண்ணினாங்க. புள்ளிவிவரப்படி மரபணு பாதிப்பு உறுதியா தெரியலன்னு முடிவு வந்துது. அந்த முடிவு தப்புன்னு நான் சொல்ல வரல. பசியில ஒரு பிடி அரிசிக்காக வரிசையில நிக்கிற கர்ப்பிணியோட வயித்தை அவளைக் கேக்காமலே சோதனைக்கூடமா எடுத்துக்கிட்ட முறையைத்தான் சொல்றேன். பாலைவனத்தை ஆள் இல்லாத இடம்னு குறிச்சுக்கிட்டு சோதனை பண்ணினதும் இதே முறைதான்.

இபுசே மசுஜியோட 'கருப்பு மழை' 1965-ல தொடரா வர ஆரம்பிச்சப்ப அதுக்கு வச்ச பேரு நீஸோட கல்யாணம்ங்கற மாதிரி. அந்த நீஸ் யாசுகோ, குண்டு வெடிச்ச பிறகு கதிர்வீச்சோட பெஞ்ச கருப்பு மழையில நனைஞ்சவ, அவளுக்கு வர்ற வரன் எல்லாம் தட்டிப் போகுது, அவ நல்லாத்தான் இருக்கான்னு நிரூபிக்க அவளோட அங்கிள் டைரியை நகல் எடுக்கறாரு. ரொம்ப நல்ல நாவல், அதுல வர்ற குளம், கெண்டை மீன் வளர்க்கறது, நாத்து நடவு எல்லாமே கதையோட உயிர். ஆனா யாசுகோவை நாம பெரும்பாலும் மத்தவங்க கண்ணு வழியாத்தான் பாக்கறோம், அவளோட உடம்பைப் பத்தி ஊரே பேசுது. அதனாலதான் நாகசாகி போய் ஹயாஷி கியோகோவைப் படிக்கணும்னு தோணுது. அந்த மழையில நனைஞ்சும் அரசாங்க எல்லைக் கோட்டுக்கு வெளிய விடப்பட்ட 84 பேரை பாதிக்கப்பட்டவங்கன்னு ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் ஏத்துக்கிட்டது 2021 ஜூலையில, 76 வருஷம் கழிச்சு.

புதன், மோத்தோமாச்சி

ஓட்டா யோகோங்கற பெண் எழுத்தாளருக்கு ஒரு நாள் முழுசா ஒதுக்கினோம். கோட்டைக்குப் பக்கத்துல மத்திய பூங்கா பகுதியில அவங்க நினைவா பாறைங்களை வெடிப்போட வேகத்துல சாஞ்ச மாதிரி அடுக்கியிருக்காங்க. இப்போ இந்தப் பக்கம் பெரிய ஃபுட்பால் ஸ்டேடியம் வந்து ஒரே கூட்டம்.

குண்டு விழுந்தப்ப அவங்க ஹாகுஷிமால அம்மா, தங்கச்சியோட இருந்தாங்க. தப்பிச்சு மலைப்பக்கம் குஷிமாங்கற கிராமத்துக்குப் போய், எந்த நேரமும் தானும் செத்துடுவோம்னு பயந்துக்கிட்டே, கதவுல ஒட்டின பழைய ஷோஜி காகிதத்துலயும் டாய்லெட் பேப்பர்லயும் பென்சில்ல எழுதினதுதான் 'பிணங்களின் நகரம்'. பிணங்களை அப்படி உத்துப் பாக்கறியேன்னு தங்கச்சி கேக்கறப்ப, மனுஷி கண்ணாலயும் எழுத்தாளர் கண்ணாலயும் பாக்கறேன், இதைப் பாத்த எழுத்தாளருக்கு எழுதற கடமை இருக்குன்னு சொல்ற இடம் பல பேர் மேற்கோள் காட்டுறது. எனக்கு அதைவிட முக்கியம் புத்தகத்தோட தொடக்கம். தெளிவான இலையுதிர் கால மதியம், வானம் சுத்தமா இருக்கு, ஆனா உடம்புல ஒரு கீறல் கூட இல்லாதவங்க ஒவ்வொருத்தரா செத்துப் போறாங்க, முடி கொட்டுது, தோல்ல புள்ளி வருது. இயற்கை ஆறுதல் சொல்லும்ங்கற பழக்கத்தை அந்தத் தொடக்கமே உடைச்சுடுது. மலையும் ஓடையும் கண்ணுக்கு அப்படியே இருக்கு, எது நஞ்சுன்னு கண்ணால கண்டுபிடிக்க முடியல. 1948-ல வெளியானப்ப ஒரு அத்தியாயமே வெட்டுப்பட்டுது, முழுசா வந்தது 1950-ல.

'மின்மினிகள்' 1953-ல வந்த கதை, அது நடக்கிறது இங்கதான். ராணுவ அணிவகுப்பு மைதானமா இருந்த இடத்துல வீடில்லாதவங்க குடிசை போட்டிருக்காங்க, தங்கச்சி குடிசையில தங்கப் போற நாயகியைச் சுத்தி ராத்திரி ஆனா நத்தை ஓடு இல்லாத புழுவுங்க, ஸ்லக்குங்க, ஊர்ந்து வருது, செத்துப்போன சிப்பாய்ங்கதான் இப்படித் திரும்பி வந்திருக்காங்களோன்னு அவளுக்குத் தோணுது. மின்மினியும் அப்படித்தான். பூ, நிலா, செர்ரி மரம்னு ஜப்பானிய இலக்கியம் கொண்டாடின இயற்கை இங்க இல்ல. வழவழன்னு, அருவருப்பா, ஈரமா ஒண்ணு, அதுவும் ஒரு காலத்துல மனுஷனா இருந்திருக்கும்னு ஒரு பெண்ணு இரக்கப்படறா. அழகா இல்லாத உயிருக்கும் பக்கத்துல இடம் விடறதுதான் எனக்குத் தெரிஞ்ச சூழலியம். இலக்கிய உலகம் அவங்களை அணுகுண்டு எழுத்தாளர்னு சிறுமையா கூப்பிட்டுச்சு, ஓவரா உணர்ச்சிவசப்படறாங்கன்னு சொல்லிச்சு. 1963-ல ஃபுகுஷிமா மாகாணத்துல ஒரு வெந்நீர் ஊற்று விடுதியில குளிக்கும்போது இறந்தாங்க.

திரும்பி வர்றப்ப அவோகிரி மரத்தைப் பாத்தோம், ஹாகுஷிமா தபால்-தந்தி இலாகா வளாகத்துல எரிஞ்சு, 1973-ல பூங்காவுக்கு மாத்தி நட்ட மரம். அந்த ஆபீஸ்ல வேலை பாத்து இடது காலை இழந்த நுமாடா சுசுகோ, இந்த மரம் துளிர்விட்டதைப் பாத்துத்தான் உயிரோட இருக்கிற முடிவுக்கு வந்தாங்க, அப்புறம் பல வருஷம் இந்த மரத்தடியிலயே பிள்ளைங்களுக்குத் தன் கதையை சொன்னாங்க. தண்டோட ஒரு பக்கம் குழிஞ்சு போயிருக்கு, பட்டை அந்தக் காயத்தோட விளிம்பை உள்பக்கமா சுருட்டி மூடியிருக்கு.

வியாழன், ரயில்ல

ஹகாட்டால மாறி, டகேயோ-ஓன்சென்ல மாறி நாகசாகி. ரயில்ல படிச்சது இலக்கியம் இல்ல, சுகினாமி பத்தி. 1954 மார்ச் 1-ல பசிபிக் கடல்ல பிகினி தீவுல அமெரிக்கா நடத்தின ஹைட்ரஜன் குண்டு சோதனையோட சாம்பல் ஒரு ஜப்பானிய சூரை மீன் படகு மேல விழுந்து, மீன் சந்தையே கலங்கிப்போச்சு. டோக்கியோல சுகினாமி பகுதியில மீன் கடைக்காரங்களும் வாசிப்பு வட்டம் நடத்தின வீட்டுப் பெண்களும் கையெழுத்து இயக்கம் ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷத்துக்குள்ள நாடு முழுக்க 3 கோடிக்கு மேல கையெழுத்து. கடல்ல விழுந்தது சமையல்கட்டுக்கு வரும்னு அவங்களுக்குப் புரிய யாரும் பாடம் எடுக்கத் தேவைப்படல. அக்கா தூங்கிட்டாங்க, வெளிய மழை.

வெள்ளி, உராகாமி

நாகசாகி மலையும் பள்ளத்தாக்குமா இருக்கிற ஊரு. 1945 ஆகஸ்ட் 9, காலை 11:02, புளூட்டோனியம் குண்டு உராகாமி பள்ளத்தாக்கு மேல வெடிச்சுது. இங்க பல தலைமுறையா மறைஞ்சு வாழ்ந்த கிறிஸ்தவங்க இருந்தாங்க, சுமார் 12,000 பேர்ல 8,500 பேர் இறந்துட்டாங்க. டாக்டர் நாகாய் தகாஷி மனைவியோட கருகின எலும்பைக் கையால பொறுக்கினவரு, அவரோட துக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனா உராகாமி கடவுளுக்குக் கொடுத்த தூய பலி ஆடுன்னு அவரு சொன்னதை என்னால ஏத்துக்க முடியல. பலின்னு சொன்ன உடனே கொன்னவன் காணாம போயிடறான். ஓட்டாவோட அத்தியாயம் வெட்டுப்பட்ட காலத்துலதான், 1949-ல, அவரு புத்தகம் வந்துது, அதோட பின்னாடி மணிலால ஜப்பான் செஞ்ச கொடுமையோட அறிக்கையைச் சேத்துப் போடணும்னு ஆக்கிரமிப்பு அரசு நிபந்தனை போட்டுச்சு.

எழுத்தாளர் ஹயாஷி கியோகோ 14 வயசுப் பொண்ணா அன்னைக்கு மிட்சுபிஷி ஆயுதத் தொழிற்சாலையில கட்டாய வேலையில இருந்தாங்க, வெடிமையத்துல இருந்து 1.4 கிலோமீட்டர். அந்த இடத்துல இப்போ நாகசாகி பல்கலைக்கழகம், பசங்க சைக்கிள்ல போய்ட்டு வந்துட்டு இருந்தாங்க. அதை 30 வருஷம் கழிச்சுத்தான் எழுதினாங்க, 1975-ல அதுக்கு அகுதாகவாங்கற பெரிய இலக்கியப் பரிசு கிடைச்சுது.

'காலி டப்பா'ங்கற அவங்க கதையை நான் பலருக்கும் சிபாரிசு பண்ணுவேன். இடிக்கப் போற பழைய பள்ளிக்கூடத்துக்கு நடுத்தர வயசுப் பெண்கள் சில பேர் வர்றாங்க, கினுகோங்கற தோழி மட்டும் வரல. குண்டு விழுந்த பிறகு பள்ளி திறந்தப்ப கினுகோ தினமும் ஒரு காலி டப்பா கொண்டு வருவா, டீச்சர் கேட்டப்பதான் தெரியுது, அதுல இருக்கிறது அவ அப்பா அம்மாவோட எலும்பு. இப்போ அவ வராததுக்குக் காரணம், முப்பது வருஷமா முதுகுல இருக்கிற கண்ணாடித் துண்டுங்களை எடுக்க ஆஸ்பத்திரியில சேரணும். முன்னாடி எடுத்த துண்டுங்க கொழுப்பு சுத்தி உருண்டையா வந்துச்சாம்.

அங்க இருந்து நேரா சன்னோ கோயிலுக்கு ஏறினோம். ஒத்தைக்கால் தோரணவாயில், அதைத் தாண்டி ரெண்டு பெரிய கற்பூர மரம், வெடிமையத்துல இருந்து சுமார் 800 மீட்டர், எரிஞ்சு மொட்டையா நின்னு பிறகு துளிர்த்ததுங்க. மரத்துக்கு வைத்தியம் பாத்தப்ப பொந்துக்குள்ள இருந்து வெடிப்புல பறந்து வந்த கல்லுங்களை எடுத்திருக்காங்க, அதையும் வச்சிருக்காங்க. கினுகோவோட முதுகும் இந்த மரமும் ஒரே வேலையைத்தான் செஞ்சிருக்கு, வெளிய தள்ள முடியாததை உள்ள வச்சு மூடி வளர்ந்திருக்கு. பெண்ணும் மரமும் இயல்பாவே ஒண்ணுங்கற பேச்சு இல்ல இது, ஒரே நொடியில ஒரே ஆயுதம் ரெண்டு உடம்புலயும் நுழைஞ்சதால வந்த ஒத்துமை.

சனி, நாகசாகி

கடைசியா 'டிரினிட்டியில இருந்து டிரினிட்டிக்கு'. 1999 அக்டோபர்ல ஹயாஷி நியூ மெக்சிகோ போனாங்க, சோதனை நடந்த இடத்தை வருஷத்துல ஒண்ணு ரெண்டு நாள் மட்டும் மக்களுக்குத் திறந்து விடுவாங்க. ருய்ங்கற தோழிக்கு எழுதற கடிதமா 2000-ல அதை எழுதினாங்க. ராட்டில்ஸ்னேக் இருக்கு ஜாக்கிரதைன்னு எச்சரிக்கை, கம்பிவேலி, வெட்டவெளி. குண்டு விழுந்த அன்னைக்குக் கூட அழாதவங்க அங்க நின்னதும் அழறாங்க. பூமியில முதல்ல பாதிக்கப்பட்டது மனுஷங்கன்னு நினைச்சிருந்தேன், எங்களுக்கு மூத்தவங்க இங்க இருந்திருக்காங்க, கத்தவும் முடியாம அழவும் முடியாம இந்த மண்ணும் செடியும் உயிருங்களும் கிடந்திருக்குன்னு எழுதறாங்க. இந்த ஒரு பக்கத்துக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்னு சொல்லலாம். பாதிக்கப்பட்டவங்கன்னா யாருங்கற கோட்டை அதுக்குள்ள இருந்தே ஒருத்தங்க இழுத்து அகலமாக்கறாங்க, நிலத்துக்கு இரக்கம் காட்டாம, சீனியர்னு மரியாதை கொடுத்து.

ஆனா ஹயாஷியோட அந்த முதல்ங்கறதை இன்னும் பின்னால தள்ளணும். வெடிச்ச அன்னைக்கு அந்தப் பாலைவனம் ஆள் இல்லாத இடம் இல்ல, காத்து அடிச்ச பக்கம் பண்ணைங்க, ஸ்பானிய வழி, பூர்வகுடி குடும்பங்க இருந்தாங்க, மாடுங்களோட முதுகு முடி வெளுத்துப் போச்சு. 1990-ல வந்த அமெரிக்க இழப்பீட்டுச் சட்டத்துல அந்த ஜனங்க இல்ல, 2025-லதான் சேத்தாங்க. அதுக்கும் முன்னாடி யுரேனியம் எங்க இருந்து வந்துது? பெல்ஜியன் காங்கோவோட ஷின்கோலோப்வே சுரங்கம், கனடாவோட கிரேட் பேர் ஏரிக்கரை. அங்க டெனே பழங்குடி ஆண்கள் தாதுவைச் சாக்குல தூக்கி சுமந்தாங்க, பல பேர் புற்றுநோயில போய், ஊரே விதவைங்க ஊருன்னு பேரு வாங்கிச்சு. 1998-ல அந்த ஜனங்க ஹிரோஷிமாவுக்கே வந்து பிழைச்சவங்களைப் பாத்தாங்க, தங்களுக்கே தெரியாம சுமந்த கல்லுக்காக வருத்தம் சொல்ல. அதே மாதிரி வருத்தம் அமெரிக்க அரசாங்கத்துகிட்ட இருந்து இன்னும் வரல.

அக்கா கேட்டாங்க, "அப்போ அந்தம்மா எழுதினது தப்புங்கறியா?" இல்ல, அவங்க கதவைத் திறந்தாங்க, அதுக்கு அந்தப் பக்கம் இன்னும் ஆளுங்க நிக்கறாங்க, அதைத்தான் சொல்றேன்.

2011 ஃபுகுஷிமா விபத்துக்கு அப்புறம் 2013-ல ஹயாஷி அதே ருய்க்கு இன்னொரு கடிதம் எழுதினாங்க. டிவியில அதிகாரி ஒருத்தர் உடம்புக்குள்ள போற கதிர்வீச்சைப் பத்தி சாதாரணமா பேசறதைக் கேட்டு அவங்களுக்கு அதிர்ச்சி, கோவம். தன் தோழிங்க ஒவ்வொருத்தரா செத்தப்ப எல்லாம் அதுக்கும் குண்டுக்கும் சம்பந்தம் இல்லன்னு திருப்பி அனுப்பினாங்களே, அப்போ இவங்களுக்கு எல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. 2017-ல ஹயாஷி இறந்தாங்க. டிரினிட்டி கதைக்கு எய்கோ ஒட்டாகேயோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 2010-ல வந்திருக்கு, சின்னப் புத்தகம்தான், குரிஹாரா, ஓட்டா ரெண்டு பேரையும் ரிச்சர்ட் மைனியர் மொழிபெயர்த்திருக்காரு. ஜப்பானீஸ்ல இருந்து நேரடியா தமிழுக்குக் கொண்டு வரக்கூடியவங்க யாராவது இதைப் படிச்சா, 'காலி டப்பா'ல இருந்து ஆரம்பிங்க. அக்காகிட்ட கேட்டுப் பாத்தேன், முதல் ரெண்டு பக்கம் முயற்சி பண்றேன்னு சொல்லியிருக்காங்க.